‘ஃப்ரெண்ட்ஸ்’ கன்தர்: ஒரே ஒரு ‘ஆமா’ மாற்றிய வாழ்க்கை

2021 மே 27 அன்று ‘ஃப்ரெண்ட்ஸ்: தி ரீயூனியன்’ வெளியானபோது, ரசிகர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. தொடர் முடிந்து 17 வருடம் கழித்து ஆறு பேரும் பழைய செட்டில் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜேனிஸாக நடித்த மேகி வீலர் நேரில் வந்து, அந்தப் பிரபலமான சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போகிறார். மோனிகாவின் முன்னாள் காதலர் ரிச்சர்டாக வந்த டாம் செல்லக்கும் வருகிறார். ஆனால் சென்ட்ரல் பெர்க் காபிக் கடையின் கன்தர் மட்டும் வரவில்லை. ஒரு திரையில், வீடியோ அழைப்பில் தெரிந்தார். அந்தப் பத்து வருடங்கள்தான் தன் வாழ்க்கையில் மறக்க முடியாதவை என்கிற மாதிரி சில வரிகள் பேசினார். அவ்ளோதான்.

கொரோனா காலம், வர முடியவில்லை போல என்று பார்த்தவர்கள் விட்டுவிட்டார்கள். உண்மையான காரணம் அடுத்த மாதம்தான் தெரிந்தது.

அதற்கு வருவோம். முதலில் இவர் யார்?

தமிழில் எழுதும்போது கொஞ்சம் அசந்தால் ‘கந்தர்’ என்று முருகன் பெயராகிவிடும். கன்தர் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டார் வேர்ல்டில் பார்த்த தலைமுறை, ஹாஸ்டலில் ஹார்ட் டிஸ்க்கைக் கைமாற்றிப் பத்து சீசனையும் ஒரே செமஸ்டரில் முடித்த தலைமுறை, இப்போது சாப்பிடும்போது ஏதாவது ஓடட்டும் என்று நெட்ஃப்ளிக்ஸில் போட்டுவிடும் தலைமுறை, எல்லோருக்கும் இந்த ஆளைத் தெரியும். வெளுத்த மஞ்சள் முடி. கண்ணைப் பறிக்கும் சட்டை, அதற்கு ஒரு டை. கவுன்டருக்குப் பின்னால் நின்றபடி ரேச்சலையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். ஆனால் நடிகரின் பெயரைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் போனை எடுத்துத் தேடத்தான் வேண்டும்.

ஜேம்ஸ் மைக்கேல் டைலர். 236 எபிசோடுகளில் சுமார் 150-ல் வந்தவர். அந்த ஆறு பேரை விட்டால், தொடரில் இவர் அளவுக்கு வந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் எல்லோரும் கை தட்டிக்கொண்டே பார்க்கும் அந்த டைட்டில் பாட்டில் இவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே இருக்கிற இடத்தில்தான் ஒரு டிவி குணச்சித்திர நடிகரின் மொத்தப் பிழைப்பும் நடக்கிறது.

பூர்ஷ்வா கடையில் காபி

டைலர் பிறந்தது 1962 மே 28, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. 10 வயதில் அப்பா இறந்தார். அடுத்த வருடமே அம்மாவும். தென் கரோலினாவின் ஆண்டர்சன் நகரில் இருந்த அக்கா வீட்டில்தான் வளர்ந்தார். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் 1984-ல் ஜியாலஜி பட்டம் வாங்கினார். படித்தது பாறை, பிடித்தது மேடை. கல்லூரி நாடகக் குழுவில் சேர்ந்தவர், பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடிப்பிலேயே முதுகலை முடித்தார். அது 1987. இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஷார்ட் ஃபிலிம் எடுக்கக் கிளம்பிய நண்பர்கள் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது.

1988-ல் லாஸ் ஏஞ்சல்ஸ். வாய்ப்பு தேடும் எல்லோரையும் போலக் கிடைத்த வேலையைச் செய்தார். அணுகுண்டு தயாரிப்பைப் பற்றிய ‘ஃபேட் மேன் அண்ட் லிட்டில் பாய்’ படத்தில் புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட். அப்புறம் ஹாலிவுட்டில் ஒரு காபிக் கடையில் வேலை. கடையின் பெயர் ‘பூர்ஷ்வா பிக்’. ஆமாம், நம்மூர் இடதுசாரி மேடைகளில் அடிபடும் அதே பூர்ஷ்வாதான், கூடவே ஒரு பன்றியும். எஸ்பிரெசோ மெஷினைத் தட்டிக் கொட்டி நுரை வரவைப்பது அப்போது அந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாத வித்தை. டைலருக்குத் தெரிந்திருந்தது.

1994-ல் என்பிசி சேனலுக்காக ‘ஃப்ரெண்ட்ஸ்’ படப்பிடிப்பு தொடங்கியது. கதையில் பாதி நடப்பது காபிக் கடையில். அங்கே பின்னால் உட்கார, நடக்க, காபி போட ஆட்கள் வேண்டும். வந்திருந்த துணை நடிகர்களில் மெஷினைக் கையாளத் தெரிந்தவர் இவர் ஒருத்தர்தான். சரி, நீ கவுன்டருக்குப் பின்னால் நில் என்றார்கள்.

முடிக்கும் ஒரு கதை உண்டு. சிகை அலங்காரம் பழகிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், முடியை ப்ளீச் செய்து பார்க்க ஒரு தலை தேடினார். டைலர் தன் தலையைக் கொடுத்தார். அதே சூட்டில்தான் ‘ஃப்ரெண்ட்ஸ்’ செட்டுக்குப் போனார். அந்த முடி தயாரிப்பாளர்களுக்குப் பிடித்துவிட்டது. நட்புக்காக ஒருமுறை செய்த காரியத்தை, அடுத்த பத்து வருடம் வாரா வாரம் செய்ய வேண்டியதாயிற்று.

அப்போது அவருக்கு வயது 32. ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. டிவியில் முகம் வர ஆரம்பித்த பிறகும், கொஞ்ச காலம் நிஜக் காபிக் கடை வேலையை அவர் விடவில்லை. காரணம் எளிது. நாளைக்கு அழைப்பு வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

பின்னால் நிற்பவருக்கு என்ன வேலை?

‘ஃப்ரெண்ட்ஸ்’ மாதிரியான சிட்காம் படமாகும் விதம் நம்மூர் சீரியல் ஷூட்டிங் மாதிரி இருக்காது. பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். எதிரே கேலரியில் சுமார் 300 பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சிரிப்பதும் பதிவாகும். ஜோக் எடுபடவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடிப் பேசி வசனத்தை மாற்றுவார்கள், மறுபடியும் டேக். ஒரு எபிசோடை முடிக்க ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும்.

இந்த நேரம் முழுக்க, சோபாவில் ஆறு பேர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் இருப்பவர்கள் சத்தமே இல்லாமல் பேச வேண்டும். வாய் அசையும், ஒலி வராது. கப் டேபிளில் பட்டுச் சத்தம் வரக் கூடாது. முதல் டேக்கில் எந்த வரிக்கு எந்தப் பக்கம் நடந்தாரோ, எட்டாவது டேக்கிலும் அதே வரிக்கு அதே பக்கம் நடக்க வேண்டும். சரியாகச் செய்தால் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தப்பாகச் செய்தால் மட்டும் தெரியும். என்ன மாதிரியான வேலை இது!

டைலரை முதலில் ‘காபி போடும் ஆள்’ என்றுதான் குறிப்பிட்டார்கள். கதாபாத்திரத்துக்குப் பெயர் கிடையாது, வசனம் கிடையாது. வாரங்கள் போகப் போக, அதே வெள்ளை முடி அதே இடத்தில் நிற்பதை எழுத்தாளர்கள் கவனித்தார்கள். கடை என்றால் ஒரு மேனேஜர் இருப்பாரே, இவராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்ற இடத்துக்கு வந்தார்கள். இரண்டாவது சீசனில், முப்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் கடந்த பிறகு, முதல் வசனம் கிடைத்தது.

ஒரே ஒரு சொல். ‘ஆமா.’

ஒரு சொல்லுக்கு என்ன விலை?

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அமெரிக்க நடிகர் சங்க விதிகளில் அந்த ஒற்றைச் சொல், ஒரு பெரிய கோட்டின் அந்தப் பக்கத்துக்கு ஆளைத் தாண்டவைத்துவிடும்.

பின்னணி நடிகருக்கு நாள் கூலி. வேலை முடிந்தால் கணக்கும் முடிந்தது. அந்த எபிசோடு நூறு முறை மறுஒளிபரப்பானாலும் அவருக்கு ஒரு பைசா வராது. ஆனால் இயக்குநர் ஒரு வரி பேசச் சொல்லிவிட்டால், அன்றைக்கே அவர் வசனம் பேசும் நடிகர் என்ற வகைக்கு உயர்த்தப்பட வேண்டும். சம்பளம் கூடும். முக்கியமாக, ‘ரெசிடுவல்’ என்ற மறுஒளிபரப்புப் பங்கு கிடைக்கும். ஒவ்வொரு முறை போடப்போட சதவிகிதம் இறங்கிக்கொண்டே வரும். ஆனால் நின்றுபோகாது. அதனால்தான் அங்கே சில நடிகர்களுக்குச் சில சென்ட் மதிப்பில்கூடக் காசோலை வரும். தபால் செலவே அதைவிட அதிகம்.

வசனம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அந்தப் பக்கத்திலும் படிகள் உண்டு. ஒரே ஒரு எபிசோடில் எட்டிப் பார்ப்பவர், கௌரவத் தோற்றம் தருபவர், அடிக்கடி வந்துபோகும் ‘ரெக்கரிங்’ நடிகர், எல்லாவற்றுக்கும் மேலே ‘சீரிஸ் ரெகுலர்’. ரெகுலருக்கு ஒப்பந்தம் உண்டு, டைட்டிலில் பெயர் உண்டு, இத்தனை எபிசோடு என்ற உத்தரவாதம் உண்டு. ரெக்கரிங் நடிகருக்குக் கூப்பிட்டால் வேலை, கூப்பிட்ட எபிசோடுக்குச் சம்பளம். ஐடி மொழியில் சொன்னால் பெர்மனென்ட்டுக்கும் கான்ட்ராக்ட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே ஃப்ளோர், ஒரே டீ, ஐடி கார்டு கயிற்றின் நிறம் மட்டும் வேறு. டைலர் பத்து வருடமும் இந்தப் படியில்தான் இருந்தார்.

அதே பத்து வருடத்தில் சோபாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். முதல் சீசனில் ஆறு பேருக்கும் எபிசோடுக்குத் தலா 22,500 டாலர். இரண்டாவது சீசனில் ஆளுக்கு ஒரு தொகை ஆனது. ரேச்சலும் ராஸும்தான் கதையின் மையம், ஆகவே அவர்களுக்குக் கூடுதல். அப்போது ராஸாக நடித்த டேவிட் ஷ்விம்மர் ஒரு யோசனை சொன்னார். தனித்தனியாகப் பேச வேண்டாம், ஆறு பேரும் ஒன்றாகவே பேசுவோம், ஒரே சம்பளம் கேட்போம். கூடுதலாகக் கிடைத்துக்கொண்டிருந்தவரே இதைச் சொன்னார் என்பதுதான் விசேஷம். மூன்றாவது சீசனில் தலா 75,000 டாலர், ஏழாவதில் 7,50,000, கடைசி இரண்டு சீசன்களில் எபிசோடுக்குத் தலா 10 லட்சம் டாலர். மறுஒளிபரப்பு லாபத்திலும் பங்கு வாங்கினார்கள். சேர்ந்து பேரம் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க டிவி உலகில் இன்றுவரை இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் ஏழாவது நாற்காலி கிடையாது.

இதை வைத்துக்கொண்டு டைலர் புலம்பியதாக நினைக்க வேண்டாம். அவர் பேட்டிகளில் தெரிவது நேர்மாறானது. கிடைக்கவே வாய்ப்பில்லாத ஒன்று கிடைத்தது என்ற நன்றியோடுதான் பேசினார். அவர் மனசு அப்படி. ஆனால் அமைப்பு எப்படி என்பது வேறு கேள்வி.

சண்டையை ஆரம்பித்தவர் இவர்தான்

கன்தர் ஏன் நினைவில் நின்றார்? கொஞ்சமாகப் பேசியதால்தான். மற்ற ஆறு பேரும் மூச்சுவிடாமல் பேசுகிறவர்கள். கை கால் எல்லாம் பேசும். இவர் அசையாமல் நிற்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. காட்சி முடியப்போகிற நேரத்தில் ஒரு வரி, அல்லது ஒரு பார்வை. பார்வையாளர் கூட்டம் வெடித்துச் சிரிக்கும்.

எழுத்தாளர்கள் அவருக்குக் கொடுத்த ஒரே பெரிய குணம், ரேச்சல் மேல் சொல்லாத காதல். சென்ட்ரல் பெர்க்கில் ரேச்சல் மகா மோசமான சர்வர். ஆர்டர் மாற்றித் தருவார், யாருக்கு எது என்று கேட்டுக்கொண்டே நிற்பார். மேனேஜர் கன்தருக்கு வேலையை விட்டுத் தூக்க மனசு வராது. ரேச்சல் ஆயிரம் டாலர் கொட்டி முடியே இல்லாத பூனை ஒன்றை வாங்கி, வைத்துக்கொள்ளவும் முடியாமல் விற்கவும் முடியாமல் தவிப்பார். யாரும் சீண்டாத அந்தப் பூனையை கன்தர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். ரேச்சலின் பூனை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே வேண்டாம்.

கதையையே திருப்பிய ஒரு வரியும் இவருடையதுதான். மூன்றாவது சீசன். ராஸும் ரேச்சலும் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். அன்று இரவே ராஸ், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் க்ளோயியுடன் இருந்துவிடுகிறார். விடிந்ததும் ரேச்சல் சமாதானமாகிவிட, விஷயம் வெளியே போகாமல் தடுக்க ராஸ் ஓடுகிறார். க்ளோயி தன்னோடு வேலை பார்ப்பவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தன் தங்கை ஜாஸ்மினிடம் சொல்லியிருக்கிறார். ஜாஸ்மினின் ரூம்மேட் யார் என்று பார்த்தால், கன்தர். மூச்சிரைக்க சென்ட்ரல் பெர்க்குக்குள் நுழைந்து, தயவுசெய்து ரேச்சலிடம் சொல்லிவிடாதே என்று ராஸ் கெஞ்சும்போது, கன்தர் முகத்தை மாற்றாமல் கேட்பார்: அடடா, சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றைக்கு உடைந்தது ஒட்ட இன்னும் ஏழு சீசன் ஆயிற்று. ‘அப்போது நாங்கள் பிரிந்துதானே இருந்தோம்’ என்ற ராஸின் வாதத்தை வைத்து இன்றைக்கும் ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்களே, அந்தச் சண்டையின் ரிஷிமூலம் கன்தரின் அந்த ஒற்றை வரி. டைலர் அதைச் சொன்ன விதத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வேண்டுமென்றே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. குணச்சித்திர நடிப்பு என்பது அதுதான். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது சில நொடிகள்.

வெள்ளை முடியின் பிடி

2004 மே 6 அன்று கடைசி எபிசோடு. டைலருக்கு 42 வயது ஆகப்போகிறது. பத்து வருடம் உலகமே பார்த்த முகம். வாய்ப்புகள் கொட்டியிருக்க வேண்டும் இல்லையா?

கொட்டவில்லை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ ஓடிய காலத்திலும் அதற்குப் பிறகும் ‘சப்ரினா’, ‘ஜஸ்ட் ஷூட் மீ’, ‘ஸ்க்ரப்ஸ்’ போன்ற தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள் செய்தார். எதுவும் கன்தரைத் தாண்டவில்லை. ஒரு கதாபாத்திரம் அளவுக்கு மீறி மனசில் ஒட்டிக்கொண்டால், அந்த நடிகர் வேறு எந்தத் திரையில் வந்தாலும் பார்ப்பவருக்கு அந்தப் பழைய ஆள்தான் தெரிவார். நட்சத்திரங்களுக்கு இதிலிருந்து தப்பிக்க வழி உண்டு. படத்தையே தங்களைச் சுற்றி எழுதச் சொல்லலாம். ஒரு வரி நடிகருக்கு அந்த வசதி இல்லை. தேர்வு செய்பவர் அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்.

2009-ல், தொடர் தொடங்கி 15 வருடம் ஆனதற்காக லண்டனின் சோஹோ பகுதியில் சென்ட்ரல் பெர்க்கை அப்படியே தற்காலிகமாக உருவாக்கினார்கள். 2014-ல் 20 வருடக் கொண்டாட்டத்துக்கு நியூயார்க்கிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டு இடத்துக்கும் டைலர் போனார். காபிக் கடையிலிருந்து நடிக்கப் போனவர், நடித்து முடித்துவிட்டு மறுபடியும் காபிக் கடையில் வந்து நின்றார். இந்த முறை அவரோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை. 2012-ல், ‘ஃப்ரெண்ட்ஸ்’ படைப்பாளிகளில் ஒருவரான டேவிட் க்ரேன் உருவாக்கிய ‘எபிசோட்ஸ்’ தொடரில் ஜேம்ஸ் மைக்கேல் டைலராகவே வந்தார். சொந்தப் பெயரில் நடித்த அந்த வேடமும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ கன்தரை வைத்துத்தான்.

இதற்கிடையே ‘ஃப்ரெண்ட்ஸ்’ ஒரு தனி வியாபாரமாக வளர்ந்துகொண்டிருந்தது. 2019-ம் வருடம் ஒன்றுக்கு மட்டும் அமெரிக்க நெட்ஃப்ளிக்ஸ் சுமார் 10 கோடி டாலர் கொடுத்ததாகவும், அதன்பின் ஹெச்பிஓ மேக்ஸுக்கு ஐந்து வருட உரிமை 42.5 கோடி டாலர் என்றும் செய்திகள் வந்தன. பழைய தொடர்களுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்போது அதில் நடித்தவர்களுக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்வி, 2023-ல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்தப் போராட்டத்தில் இன்னொரு பிரச்சினையும் எழுந்தது. பின்னணி நடிகர்களை ஒரு நாள் வரவழைத்து, உடலை ஸ்கேன் செய்து, ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த டிஜிட்டல் உருவத்தை இஷ்டம்போல் பயன்படுத்த ஸ்டுடியோக்கள் பார்க்கின்றன என்று சங்கம் குற்றம்சாட்டியது. ஸ்டுடியோக்கள் தரப்பு அதை மறுத்தது. கடைசியில், நடிகரின் சம்மதமும் அதற்கான ஊதியமும் இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது.

1994-ல் அந்தத் தொழில்நுட்பம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் நாளே காபி போடும் ஆளை ஸ்கேன் செய்திருப்பார்கள். அவர் இரண்டாம் நாள் வர வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எழுத்தாளர்கள் வாரா வாரம் ஒரு மனிதரைப் பார்த்து, இவரிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருக்கவும் மாட்டார்கள்.

தவறிப்போன ஒரு டெஸ்ட்

இப்போது ரீயூனியனுக்கு வருவோம்.

2018 செப்டம்பர். டைலருக்கு 56 வயது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. வருடாந்திர செக்-அப்புக்குப் போனார். ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ அளவு மிக மிக அதிகமாக வந்தது. புராஸ்டேட் புற்றுநோய். ஏற்கெனவே எலும்புக்குப் பரவியிருந்தது, அதாவது நான்காம் நிலை.

பிஎஸ்ஏ என்பது ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதம். ரத்தத்தில் அதன் அளவு கூடினால் சுரப்பியில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கிருமித் தொற்றாலும், வயதானால் வரும் சாதாரண வீக்கத்தாலும்கூட கூடும். அதனால்தான் எல்லா ஆண்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இந்த டெஸ்ட் எடுக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. 50 வயதை நெருங்கும்போதும், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் அதற்கு முன்பே, மருத்துவரிடம் கேட்டு முடிவெடுப்பது வழக்கம். கேட்பதில் ஒரு லாபம் இருக்கிறது. பரவும் முன் கண்டுபிடித்தால் ஐந்தாண்டுகள் தாண்டி வாழ்பவர்கள் அமெரிக்கக் கணக்குப்படி கிட்டத்தட்ட 100 சதவிகிதம். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது 40 சதவிகிதத்துக்கும் கீழே.

டைலருக்கு ஹார்மோன் சிகிச்சை ஆரம்பத்தில் நன்றாகவே வேலை செய்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் சாதாரணமாகத்தான் இருந்தார். வேலைக்கும் போனார். பிறகு 2020 வந்தது. ஊரடங்கு நேரத்தில் ஒரு பரிசோதனை தவறிப்போனது. சரியாக அந்த நேரத்தில்தான் நோய் சிகிச்சைக்கு அடங்காத வடிவத்துக்கு மாறியது. முதுகெலும்பில் கட்டிகள். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. நடக்க முடியாமல் போனது.

ரீயூனியன் படமானபோது அவர் இந்த நிலையில் இருந்தார். நேரில் வர முதலில் அழைப்பு இருந்தது. தயாரிப்புத் தரப்புக்கு விஷயம் தெரியும். ஆனால் எல்லோரும் சந்தோஷமாகக் கூடும் இடத்தில், ‘அப்புறம் உங்க எல்லாருக்கும் ஒரு விஷயம், கன்தருக்கு கேன்சர்’ என்று ஆகிவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். நிகழ்ச்சி எந்தச் சங்கடமும் இல்லாமல் ஓடட்டும் என்று வீடியோ அழைப்போடு நிறுத்திக்கொண்டார். பின்னணியில் நின்று, முன்னால் நடப்பதைக் கெடுக்காமல் இருப்பது அவருக்குக் கைவந்த வேலை.

2021 ஜூன் 21 அன்று, அதே என்பிசி சேனலின் ‘டுடே’ நிகழ்ச்சியில் விஷயத்தைச் சொன்னார். அனுதாபம் தேடி வந்ததாகத் தெரியவில்லை. அடுத்த முறை சாதாரண செக்-அப்புக்குப் போகும்போது மருத்துவரிடம் பிஎஸ்ஏ டெஸ்ட் பற்றிக் கேளுங்கள், எளிதாகப் பிடித்துவிடக்கூடிய நோய் இது, நீங்கள் என் நிலைக்கு வர வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தன் 59-வது பிறந்தநாளைப் பார்த்துவிட வேண்டும் என்பது தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கு என்றும் சொன்னார். அந்தப் பிறந்தநாள் மே 28. ரீயூனியன் வெளியானதற்கு மறுநாள்.

இலக்கைத் தாண்டி இன்னும் ஐந்து மாதம் இருந்தார். அந்த நாட்களிலும் குறும்படங்களில் நடித்தார், விழிப்புணர்வுக்காகப் பேசினார். அக்டோபர் 24-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டில் இறந்தார்.

செய்தி வந்ததும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ குழுவினர் ஒவ்வொருவராக இரங்கல் பதிவு போட்டார்கள். ரேச்சலாக நடித்த ஜெனிஃபர் அனிஸ்டன் இன்ஸ்டாகிராமில் ஒரு சின்ன வீடியோவைப் பகிர்ந்தார். கடைசி எபிசோடில் வரும் காட்சி அது. ரேச்சல் பாரிஸுக்குக் கிளம்புகிறாள். பத்து வருடமாகச் சொல்லாததை கன்தர் ஒரு வழியாகச் சொல்லிவிடுகிறார்: நான் உன்னைக் காதலிக்கிறேன், இதனால் உன் பயணம் மாறுமா தெரியவில்லை, ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயணம் மாறாது என்பது இருவருக்குமே தெரியும். எனக்கும் உன்மேல் அன்பு இருக்கிறது, நீ நினைக்கிற மாதிரி இல்லாவிட்டாலும் என்கிறாள் ரேச்சல். எங்கேயாவது ஒரு கஃபேயில் காபி குடிக்கும்போதோ, சூரியனைவிடப் பளிச்சென்ற முடியோடு யாராவது கடந்துபோகும்போதோ உன்னை நினைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுக் கிளம்புகிறாள்.